புகை பார்த்தவர்களும் ஸ்கேனர் பார்ப்பவர்களும்

டீசல் அம்பாசடர்களும் ஜீப்புகளும் ஓடிய காலத்தில், வண்டி இழுக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் மெக்கானிக் முதலில் புகையைத்தான் பார்ப்பார். கறுப்பென்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாகப் போகிறது. நீலமென்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையென்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. அடுத்து, இன்ஜினை ஓடவிட்டபடியே நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே தடுமாறும். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. கோளாறு எந்நேரமும் இருந்தது. தேடுகிறவர் கையில் சிக்கியது.

இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. பைப்புக்குள் அழுத்தம் 1,600 பார் வரை, சில இன்ஜின்களில் அதற்கு மேலும் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கோளாறின் குணமே மாறிவிட்டது. ஊருக்குள் நன்றாக ஓடும் கார், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது திடீரென்று பிக்கப் இழக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, என்ன மிதித்தாலும் ஆர்பிஎம் 3,000-ஐத் தாண்டுவதில்லை. ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் அதே கதை. இதுதான் லிம்ப் மோடு. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கேட்ட டர்போ அழுத்தமும் சென்சார் காட்டும் அழுத்தமும் ஒத்துப்போகாதபோது, இன்ஜின் கெட்டுவிடாமலிருக்க ஈசியூ சக்தியைக் குறைத்துவிடுகிறது.

ஸ்கேனரை மாட்டினால் பி0299 என்று வரும்: டர்போ அழுத்தம் குறைவு. பி0234 என்றால் அதிகம். பல இடங்களில் எரர் கோடை அழித்து வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு என்பேன். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், லோடு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று ஈசியூ ஒரு பதிவு வைத்திருக்கும்; கோடை அழித்தால் அதுவும் போய்விடும். வந்து வந்து மறையும் கோளாறுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டர்போவை மாற்றச் சொல்வதோ வாடிக்கையாளரின் சேமிப்பில் கைவைப்பது.

அழுத்தம் குறையவும் எகிறவும் எத்தனையோ வழி உண்டு. இன்டர்கூலர் ஹோஸில் ஒரு வெடிப்பு, ஐடிலில் மூடிக்கொண்டிருந்து லோடில் மட்டும் விரியும். அந்த இடத்தில் ஆயில் பிசுக்கு படிந்திருக்கும். டர்போவை இயக்கும் மெல்லிய வேக்கம் ஹோஸ் சூட்டில் விறைத்து விரிசல் விடும். எப்போதும் மெதுவாகவே ஓடும் காரில் டர்போவுக்குள் இருக்கும் வேன் எனும் தகடுகள் கரி பிடித்து இறுகும். ஏற்றத்தில் திறக்க வேண்டியவை அப்படியே நிற்க, அழுத்தம் எகிறும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 மாசு விதி இன்னொன்றையும் சேர்த்தது. புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டியான டிபிஎஃப்பில் சேரும் கரி எரிய, சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் காரில் அந்தச் சூடு ஏறுவதில்லை. கரி அடைத்து, அதனாலும் லிம்ப் மோடு வரும்.

ஆகவே ஸ்கேனரை மாட்டியபடியே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் ஒன்றாகத் திரையில் வைத்தால், தாண்டி எகிறுகிறதா, எட்டாமல் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு வேலை கைக்குத்தான் வருகிறது. வேக்கத்தில் இயங்கும் டர்போ என்றால், கை வேக்கம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் ராடு வழுவழுவென்று நகர வேண்டும், பிடித்த வேக்கம் இறங்காமல் நிற்க வேண்டும். புகை பார்த்துப் பழகிய மெக்கானிக் ஹோஸைத் தடவியே பாதியைச் சொல்லிவிடுவார். அவர் ஸ்கேனரும் கற்றுக்கொண்டவர் என்றால் அந்த ஒர்க்‌ஷாப்பை விடாதீர்கள். வேறு யாராவது டர்போ போய்விட்டது என்றால், இந்தச் சோதனையை உங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.