ஒரு மாணவ நண்பன் இருந்திருந்தால்

படிக்கும் வயதில் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு என்று அஞ்சும் பெரியோர் எல்லா நாட்டிலும் உண்டு. தம்மால் முடியாததை இளைஞர் முடிப்பர் என்று மனமுவந்து வாழ்த்தும் பெரியோரும் உண்டு. இவ்விரு குரல்களும் நமக்குப் பழக்கமானவை. ஆயின், வாழ்நாள் முழுதும் உழைத்து முதிர்ந்த தொழிலாளி ஒருவர், போராடும் மாணவரைப் பார்த்து என்ன எண்ணுகிறார் என்பதை நாம் அதிகம் கேட்டறிந்ததில்லை. அவருக்கு நம்பிக்கை பிறக்குமாயின் அஃது எதனால் பிறக்கிறது? மாணவரின் எண்ணிக்கையாலா, துணிவாலா, கல்வியாலா? இவ்வினாவுக்குத் தென்கொரிய நாட்டின் ஐம்பத்தைந்து ஆண்டு வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகிறது. அதனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

அமைதிச் சந்தை

தென்கொரியத் தலைநகர் சியோலில் பியோங்வா சந்தை என்னும் துணிச் சந்தை உள்ளது. பியோங்வா என்னும் சொல்லுக்கு அமைதி என்பது பொருள். 1960களில் அச்சந்தைக் கட்டடங்களின் மேல்தளங்களில் நூற்றுக்கணக்கான சிறு தையற்கூடங்கள் இயங்கின. இடத்தை மிச்சப்படுத்த ஓர் அறையையே குறுக்கே பலகையிட்டு இரண்டு தட்டாக்கியிருந்தனர். அதனுள் வளர்ந்தவர் நிமிர்ந்து நிற்க இயலாது. துணித்தூசு நிறைந்த அவ்வறைகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தனர். நுரையீரல் நோயும் கண்நோயும் அவர்களுக்குத் தொழிலோடு வந்த சீதனம்.

அங்கே தையற்காரராகப் பணியாற்றிய இளைஞர் ஜியோன் தே-இல். 1948இல் பிறந்தவர்; வறுமையால் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர். பசித்திருக்கும் சிறுமியருக்குத் தம் பேருந்துக் கட்டணத்தில் அப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் மணிக்கணக்கில் நடந்து வீடு சேர்ந்தார் என்பர். ஆயினும், தனியொருவரின் ஈகையால் தீரும் துன்பம் இதுவன்று என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார்.

படிக்க முடியாத சட்டம்

தொழிலாளரைக் காக்கும் சட்டம் ஒன்று தம் நாட்டில் முன்னரே இருக்கிறது என்னும் செய்தி அவருக்குப் பெரும் வியப்பாயிற்று. 1953இலேயே இயற்றப்பட்ட தொழிலாளர் தரநிலைச் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையை விதித்திருந்தது. பதினாறு ஆண்டுகளாகச் சட்டம் ஏட்டில் இருந்தது; சிறுமியர் தையற்பொறியின் முன் இருந்தனர். 1969இல் நண்பர்களைத் திரட்டி ஜியோன் அமைத்த சங்கத்திற்கு 'மூடர் கழகம்' என்றே பெயரிட்டார். உரிமை இருப்பதையும் அறியாமல் இத்துணைக் காலம் உழன்ற நாம் மூடரே என்பது அப்பெயரின் கருத்து.

சட்ட நூலை வாங்கிப் பிரித்த பின்னரே அடுத்த தடை தெரிந்தது. அக்காலக் கொரியச் சட்ட நூல்கள் சீன எழுத்துகள் விரவிய கடின நடையில் அமைந்தவை. கொரியருக்கென்று எளிய எழுத்து முறை பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வகுக்கப்பட்டது. எனினும் சட்டம், அலுவலகம், உயர்கல்வி ஆகியவற்றில் சீன எழுத்து மேலோங்கி நின்றது. அதனைக் கற்றவர் வழக்கறிஞரும் மாணவரும் ஆவர். எவருடைய நன்மைக்காகச் சட்டம் இயற்றப்பட்டதோ அவர் அதனைப் படிக்க இயலவில்லை. இரவு நேரங்களில் அந்நூலோடு மல்லாடிய ஜியோன், தமக்கு ஒரு கல்லூரி மாணவ நண்பன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்கினார். அவர் வேண்டியது பணமன்று, தலைமையன்று. பக்கத்தில் அமர்ந்து, ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒரு தோழமையே அவர் வேண்டியது.

அந்நண்பன் வரவில்லை. தொழிலாளரிடம் வினாநிரல் கொடுத்து விவரங்களைத் திரட்டினார், அலுவலகந்தோறும் முறையிட்டார். பயனில்லை. 1970 நவம்பர் 13ஆம் நாள், நடைமுறைக்கு வாராத சட்டம் எதற்கு என்று சட்ட நூலை எரிக்கும் ஆர்ப்பாட்டத்திற்கு அவரும் நண்பரும் திட்டமிட்டனர். காவலர் கூட்டத்தைக் கலைத்தபோது அவர் தம்மையே தீக்கு இரையாக்கினார். தாங்கள் பொறிகள் அல்லர் என்பதே அவர் எழுப்பிய முழக்கங்களுள் ஒன்று. அன்றிரவே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 22. அம்முடிவை நாம் போற்றவில்லை. அது நேரத்தில் வாராத நண்பர்களின் குற்றக்கணக்கில் எழுதப்பட வேண்டிய இழப்பு என்றே கருதுகிறோம்.

தாயும் மாணவரும்

இறக்கும் தறுவாயில் மகன், தான் முடிக்காததை முடிக்குமாறு தாயிடம் வேண்டினான். தாயின் பெயர் லீ சோ-சன். 1929இல் பிறந்தவர், வறுமையில் உழைத்தே காலங்கழித்தவர். கோரிக்கைகளை ஏற்றாலன்றி மகனின் உடலை அடக்கம் செய்ய ஒப்பேன் என்று உறுதியாக நின்றார். அவ்வுறுதியின் பயனாக, இரு வாரங்களில், 1970 நவம்பர் 27ஆம் நாள், சந்தைத் தையல் தொழிலாளரின் சங்கம் தோன்றியது.

மகன் வேண்டிய மாணவ நண்பர் அப்போதுதான் வந்தனர். சியோல் தேசியப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் மருத்துவமனைக்கே சென்று அத்தாயைக் கண்டனர். பல்கலைக்கழகங்களில் நினைவுக் கூட்டங்களும் உண்ணாநோன்புகளும் நிகழ்ந்தன. நாட்டின் வளர்ச்சியைப் பற்றியே கற்றுவந்த ஒரு தலைமுறை, அவ்வளர்ச்சி எவருடைய முதுகின்மேல் எழுந்தது என்பதை அன்றே கண்டது.

அம்மாணவருள் ஒருவர் சோ யங்-ரே. பின்னாளில் இவர் வழக்கறிஞரானார். 1970களில் அரசு இவரைத் தேடிய காலத்தில், தலைமறைவாக இருந்துகொண்டே ஜியோனின் வரலாற்றை எழுதினார். அந்நூல் கொரியாவில் 1983இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1990இல் சோ மறைந்தார். அதன் பின்னரே, 1991ஆம் ஆண்டுப் பதிப்பில், அவர் பெயர் நூலில் இடம்பெற்றது. சட்டத்தைப் படித்துச் சொல்ல நண்பனில்லாமல் இறந்த தொழிலாளியின் வாழ்வை, சட்டம் படித்த ஒருவர் எளிய மொழியில் நாட்டுக்கே படித்துச் சொன்னார். தாமதமாக வந்த நண்பன் தன் கடனைத் தீர்த்த வகை இதுவெனலாம்.

இத்தோழமை ஒருவழிப் பாதையாக நிற்கவில்லை. தேடப்பட்ட மாணவருக்கு லீ சோ-சன் சோறிட்டார். ஒளிய இடம் தந்தார். 1977இல் மாணவ இயக்கத்தைச் சேர்ந்த ஜாங் கி-பியோவின் வழக்கு விசாரணையின்போது நீதிமன்றத்தில் எதிர்ப்புக் குரல் எழுப்பியமைக்காகச் சிறை சென்றார். மகனை இழந்த தாய், பிறர் மகனுக்காகச் சிறைப்பட்டார். தொழிலாளர் அனைவரும் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர். போராட்டத்தின் பெயரால் இளைஞர் தம்முயிரை மாய்த்துக்கொண்ட காலங்களில், இறக்க வேண்டா, உயிரோடிருந்து போராடுங்கள் என்று அவர் திரும்பத் திரும்ப மன்றாடினார். இளைஞர் உயிரோடு இருப்பதே முதியோர் நம்பிக்கையின் முதல் நிபந்தனை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

ஆலைக்குள் வந்தவர்கள்

1980களில் இத்தோழமை வேறொரு வடிவம் கொண்டது. ஆயிரக்கணக்கான மாணவர் தம் படிப்பை மறைத்து, சாதாரணத் தொழிலாளராக ஆலைகளில் சேர்ந்தனர். தொழிற்பேட்டைகளை அடுத்து இரவுப் பள்ளிகள் நடந்தன. சில மாணவர் தாமே தலைமை தாங்கப் பிறந்தவர் என்று எண்ணியதும், சிலர் சில ஆண்டுகளில் மீண்டதும் உண்மையே. எனினும் எஞ்சியவர், நூலில் கற்றதைவிடத் தையற்பொறியின் அருகில் கற்றதே மிகுதி என்பதை ஒப்புக்கொண்டனர். 1985 ஜூனில் சியோலின் குரோ தொழிற்பேட்டையில் ஓர் ஆலைச் சங்கத் தலைவர்கள் கைதானபோது, பிற ஆலைத் தொழிலாளரும் வேலையை நிறுத்தித் துணைநின்றனர்.

1987 ஜனவரி 14ஆம் நாள் பார்க் ஜோங்-சுல் என்னும் மாணவர் காவலில் நீர்ச் சித்திரவதையால் இறந்தார். ஜூன் 9ஆம் நாள் லீ ஹான்-யோல் என்னும் மாணவர் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி வீழ்ந்தார். ஜூலை 5ஆம் நாள் இறந்தார். நாடெங்கும் மக்கள் திரண்டனர். ஜூன் 29ஆம் நாள், குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஆட்சியாளர் இணங்கினர். அடுத்து வந்த மாதங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்பூசல்கள் எழுந்தன. புதிய சங்கங்கள் பெருகின. மாணவர் திறந்த வாயிலின் வழியே தொழிலாளர் உட்புகுந்தனர்.

பார்க் ஜோங்-சுல்லின் தந்தை பார்க் ஜோங்-கி, பூசான் நகரில் குடிநீர் வழங்கும் பணியில் இருந்து ஓய்வுபெறும் நிலையில் இருந்தவர். அரசியலை அறியாதிருந்த அம்முதியவர், மகன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1998 முதல் 1999 வரை, இறந்தோருக்கு நீதி வேண்டி, நாடாளுமன்றத்தின் முன் 422 நாள்கள் நிகழ்ந்த அமர்வுப் போராட்டத்தில் அவரும் லீ சோ-சன்னும் ஒன்றாக அமர்ந்தனர். அவர்கள் வேண்டிய சட்டங்கள் நிறைவேறின. 2011 செப்டம்பர் 3ஆம் நாள் லீ சோ-சன் காலமானார்.

கணவாயில் ஓர் இரவு

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய இளைஞர் கேளிக்கையில் மூழ்கியவர் என்று கூறுவார் கொரியாவிலும் இருந்தனர். 2024 டிசம்பர் 3ஆம் நாள் இரவு அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் திடீரென இராணுவச் சட்டத்தை அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றத்தில் கூடிய 190 உறுப்பினரும் ஒருமனதாக அதனை நிராகரித்தனர். அடுத்த வாரங்களில் வீதிகளை நிறைத்தோருள் இளம்பெண்களே மிகுதி. இசை நிகழ்ச்சிகளில் தம் விருப்பக் கலைஞருக்காக அசைக்கும் வண்ண ஒளிக்கோல்களை அவர்கள் போராட்டக் களத்தில் ஏந்தினர்.

அதே நாள்களில் தென்பகுதி உழவர், தம் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தலைநகர் நோக்கிப் புறப்பட்டனர். அந்நாட்டு உழவருள் 65 வயதைக் கடந்தவர் பாதிக்கும் மேலாவர். நெல் விலை வீழ்ச்சியால் நொந்தவர்கள். தம் துன்பம் தலைநகருக்குக் கேட்காது என்று சலித்தவர்கள். டிசம்பர் 21ஆம் நாள் சியோலின் தென்னெல்லையிலுள்ள நம்தேரியோங் கணவாயில் காவலர் பேருந்துகளை நிறுத்தி வழியை அடைத்தனர். 1894இல் ஜியோன் போங்-ஜுன் தலைமையில் எழுந்த உழவர் படை உகும்சி என்னும் கணவாயில் ஜப்பானியப் படையாலும் அரசுப் படையாலும் முறியடிக்கப்பட்டது. அத்தலைவரின் பெயரையே தம் அணிக்குச் சூட்டி வந்த உழவருக்கு, வழிமறிக்கப்பட்ட கணவாய் எதனை நினைவூட்டியிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

செய்தி பரவியது. உறைபனிக் குளிரில், அன்று மாலையிலிருந்து இளைஞர் அக்கணவாய்க்கு வந்தவண்ணம் இருந்தனர். வர இயலாதோர் சூடான உணவும் வெப்பப் பொதிகளும் அனுப்பினர். இரவு முழுதும் ஒலிவாங்கியின் முன் ஒருவர்பின் ஒருவராகப் பேசினர். நெல் விலையைப் பற்றி அதுவரை அறியாத நகரத்துப் பெண்கள் உழவரிடம் கேட்டறிந்தனர். ஊர்ப்புறத்து முதியோர், இக்கால இளைஞர் படும் அவமதிப்புகளை அவர்கள் வாயிலாகவே முதன்முறை செவிமடுத்தனர். மறுநாள், ஏறத்தாழ 28 மணி நேரத்திற்குப் பின், தடை விலகியது. டிராக்டர்கள் சில நகருக்குள் சென்றன. 2025 ஏப்ரல் 4ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் அத்தலைவரைப் பதவியினின்று நீக்கியது.

1970இல் ஒரு தொழிலாளி தேடிய நண்பன், 2024இல் அழையாமலே ஆயிரக்கணக்கில் வந்து நின்றான் எனலாம்.

நிறைவுரை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். முதிய உழைப்பாளிக்கு நம்பிக்கை தருவது இளைஞரின் எண்ணிக்கையன்று. எண்ணிக்கை மறுநாள் கலையும். துணிவும் அன்று, துணிவு தொழிலாளியிடமே போதிய அளவு உண்டு. தம்மிடம் இல்லாத ஒன்றை இளைஞர் கொண்டுவந்து தருவதும், தம்மிடம் உள்ள ஒன்றை இளைஞர் கேட்டுப் பெறுவதுமாகிய கொடுக்கல் வாங்கலே அந்நம்பிக்கையின் வேர். தான் பட்ட பாடு தன்னோடு முடிந்துவிடாது, அதனை அறிந்தவர் ஒருவர் தனக்குப் பின்னும் இருப்பார் என்னும் உறுதியே முதுமையில் மனிதனுக்கு வேண்டுவது.

மொழி பயிலும் துறையினராகிய நமக்கு இவ்வரலாற்றில் தனியானதொரு பாடம் உண்டு. ஜியோனைத் தடுத்த சுவர் எழுத்தால் ஆனது. நம் நாட்டிலும் ஊதியச் சீட்டு, வருங்கால வைப்புநிதி விதி, விபத்து இழப்பீட்டு மனு ஆகியவை பல தொழிலாளருக்கு விளங்காத மொழியிலேயே இருக்கின்றன. நம் மாணவருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். அவர்தம் தந்தையோ அண்டை வீட்டாரோ பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் ஒன்று நிச்சயம் இருக்கும். இவ்விடுமுறையில் அதனை வாங்கிப் பிரித்து, அருகில் அமர்ந்து, நல்ல தமிழில் பொருள் சொல்லுங்கள். ஒரு சந்தையின் மேல்தளத்தில் ஒரு தையற்காரர் ஏங்கிய ஏக்கம், அவ்வளவு சிறிய செயலால் தீரக்கூடியதாகவே இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.