மேட்டூர் முதல் மோகனூர் வரை தவணையில் ஒரு நடை

அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரை ஒட்டி அப்பலாச்சியன் நடைபாதை என்று ஒன்று போகிறது. பதினான்கு மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடந்து முடிக்க ஐந்தாறு மாதம் ஆகும். வேலைக்குப் போகிறவர், பிள்ளைகுட்டிக்காரர் யாருக்கு அவ்வளவு விடுப்பு கிடைக்கும்? அதனால் பலர் அதைத் தவணையில் நடக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு வாரம், அடுத்த ஆண்டு பத்து நாள். விதி ஒன்றே ஒன்றுதான்: விட்ட இடத்தில் தொட வேண்டும். நடுவில் ஒரு கிலோமீட்டரைக்கூட வண்டியில் தாண்டக் கூடாது. இப்படிப் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்து முடித்தவர்களும் உண்டு.

கென்டக்கி மாநிலத்தில் இதே பழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே ஷெல்டோவி டிரேஸ் என்ற காட்டுப் பாதை 1979 முதல் இருக்கிறது. நீளம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதே மாநிலம்தான் போர்பன் விஸ்கியின் தாய்வீடு. போர்பன் என்று சீசாவில் எழுத வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே கருக்கப்பட்ட புது ஓக் மரப் பாத்திரத்தில் ஊற வேண்டும். விஸ்கிக்கு அந்தச் செம்பழுப்பு நிறம் வருவது கருகிய மரத்திலிருந்துதான். இது அமெரிக்காவுக்கே உரிய பண்டம் என்று 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. வடிசாலைகளைச் சுற்றிப் பார்க்க வருவோருக்காக அந்தத் தொழிலின் சங்கம் 1999-இல் ‘போர்பன் பாதை’ என்று ஒரு சுற்றுலாத் தடத்தை வகுத்தது.

நடைபாதை இருப்பது கிழக்கே காட்டுக்குள். பேர்பெற்ற வடிசாலைகள் பல மேற்கே சுண்ணாம்புக்கல் பூமியில். இடையே கார் பயணம். ஆகவே இரண்டையும் இணைப்பவர்கள் முதலில் இரண்டு மூன்று நாள் நடக்கிறார்கள், பிறகு குளித்து உடை மாற்றிக்கொண்டு வடிசாலைக்குப் போகிறார்கள். வரிசை மாறினால் ஆபத்து. மது உடம்பின் நீரை வெளியேற்றும், கால் தடுமாறும். குடித்துவிட்டு நடப்பது அங்கேயும் யாரும் மெச்சும் காரியம் இல்லை. அவர்களை ஈர்ப்பது ஒரு குவளை விஸ்கி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நடந்து கடந்த மண்ணின் தண்ணீரும் தானியமும் என்னவாக மாறுகின்றன என்பதைக் கிட்ட நின்று பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா? நடையைப் பொறுத்தவரை தாராளமாக முடியும். மதுவைப் பொறுத்தவரை முடியாது. நம்மூர் மது ஆலைகள் சுற்றுலாக்காரர்களுக்குக் கதவு திறப்பதில்லை. அதோடு இது சாதாரண ஊரும் இல்லை. இந்தியாவில் மதுவிலக்கு முதன்முதலில் சட்டமாக நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி தம் சொந்த மாவட்டத்திலிருந்தே அதைத் தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. மதுவிலக்கு பின்னால் பலமுறை போய் வந்து, கடைசியில் டாஸ்மாக்கில் வந்து நிற்கிறது. அன்று போட்ட விற்பனை வரியோ பேரும் வடிவமும் மாறினாலும் ஒருநாளும் போகவில்லை.

ஆனால் மதுவுக்கு முந்தைய கட்டம் ஒன்று இருக்கிறது. அது இங்கே கண்முன்னே கொதிக்கிறது. இந்தியாவில் விஸ்கி, பிராந்தி, ரம் என்று மலிவாக விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் தானியமோ திராட்சையோ இல்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகுதான். ஒரு டன் கரும்பில் நாற்பது, நாற்பத்தைந்து கிலோ கழிவுப்பாகு கிடைக்கும். அதைப் புளிக்கவைத்து வடித்தால் சாராயம். அதே கரும்பை ஆலைக்கு அனுப்பாமல் தோட்டத்தோரக் கொட்டகையில் காய்ச்சினால் வெல்லம். கென்டக்கிக்காரருக்கு வடிசாலை எதுவோ, காவிரிக்கரையில் நடப்பவருக்கு வெல்லக் கொட்டகை அதுதான். சொல்லப்போனால் இதுவே மேல். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

பாதையைச் சொல்கிறேன். மேட்டூர் அணையில் தொடங்கி, காவிரியின் இடது கரையை ஒட்டி, அதாவது சேலம், நாமக்கல் பக்கமாகவே தெற்கே மோகனூர் வரை. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். முழுக்க ஆற்றோரமாகவே போகும் பாதை கிடையாது. சில இடத்தில் வாய்க்கால் கரை, சில இடத்தில் தார்ச்சாலை, சில இடத்தில் தென்னந்தோப்பு வண்டிப்பாதை. ஒரு தவணைக்குப் பன்னிரண்டு முதல் இருபது கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே முடித்துவிடலாம். பேருந்து நிற்கும் ஊரில் நிறுத்துங்கள். நின்ற இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அங்கே இறங்கித் தொடங்கலாம்.

முதல் தவணை மேட்டூரிலிருந்து பூலாம்பட்டி. 1934-இல் திறந்த அணையைப் பின்னால் விட்டுவிட்டு, கதவணைகளில் ஆறு தேங்கி நிற்பதைப் பார்த்தபடி போகலாம். பூலாம்பட்டியில் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு உண்டு. ஏறலாம், ஆனால் அது கணக்கில் சேராது. கிழக்கே சிறிது தொலைவில் எடப்பாடி. இந்த ஊர்க்காரர்களுக்கு நீண்ட நடையைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தைப்பூசம் முடிந்ததும் எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் காவடியோடு பழனிக்கு நடந்தே போகிறார்கள். மலைமேல் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நடையும் வெல்லமும் அங்கே எப்போதோ சேர்ந்துவிட்டன.

பூலாம்பட்டியிலிருந்து குமாரபாளையம் இரண்டாவது. எதிர்க்கரை பவானி, கூடுதுறையில் பவானியாறு வந்து சேர்கிறது. குமாரபாளையம் முதல் பள்ளிபாளையம் வரை குறைந்த தூரம்தான். விசைத்தறிச் சத்தமும் ஆலைப் புகையுமாக அழகு குறைந்த பகுதி; சீக்கிரம் கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பள்ளிபாளையம் பக்கம் சர்க்கரை ஆலையும் காகித ஆலையும் இருக்கின்றன. சாறு பிழிந்த சக்கை காகிதமாகிறது. பாலத்துக்கு அந்தப்புறம் ஈரோடு. காங்கிரசில் இருந்த காலத்தில் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியாரின் ஊர் அது. இந்தப்புறம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்கைப் பரப்ப அங்கிருந்து 1929-இல் ‘விமோசனம்’ என்ற இதழ் வந்தது. அதில் அவருக்குக் கைகொடுத்தவர் கல்கி. ஆசிரமத்தைப் பார்க்க நினைப்பவர்கள் அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வது நல்லது. பாதையிலிருந்து அது விலகியிருக்கிறது.

பள்ளிபாளையத்துக்குத் தெற்கே, சோழசிராமணியைத் தாண்டி ஜேடர்பாளையம் வந்தால் நிலத்தின் முகமே மாறும். அங்கே ஆற்றைத் தடுத்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதன் பாசனத்தில் பரமத்திவேலூர் வட்டாரம் முழுக்கக் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். வெல்லக் கொட்டகைகள் நெருங்கி வருவது இந்தப் பகுதியில்தான். புகை எங்கே எழுகிறது என்று பார்த்து நடந்தால் போதும்.

கொட்டகை என்றால் நான்கு பக்கமும் திறந்த கூரை. ஒரு ஓரம் கரும்பு பிழியும் இயந்திரம். பிழிந்த கரும்புப்பால் தொட்டியில் இறங்கி, அங்கிருந்து பெரிய இரும்புக் கொப்பரைக்கு வரும். கொப்பரைக்குக் கீழே தரைமட்டத்துக்கும் தாழ்வாக அடுப்பு. விறகு கிடையாது; வெயிலில் உலர்த்திய கரும்புச் சக்கையையே ஒருவர் ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பார். பால் சூடேறும்போது சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். பாலின் புளிப்பை அது முறிக்கும். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். நீண்ட காம்பு வைத்த சல்லடைக் கரண்டியால் அதை வழித்து எடுப்பார்கள். பழைய முறைக்காரர்கள் வெண்டைச் செடியை நசுக்கிய கொழகொழப்பான தண்ணீரையும் விடுவார்கள். அதுவும் அழுக்கைப் பிடித்து மேலே கொண்டுவரும்.

கொதி அடங்கி, குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கும்போதுதான் அனுபவசாலி பக்கத்தில் வந்து நிற்பார். அவரிடம் வெப்பமானி இருக்காது. ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. உருண்டு நின்றால் பதம் வந்துவிட்டது. அந்த நிலையில் பாகின் சூடு 118 டிகிரி செல்சியசுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. அவர் விரலும் அதையேதான் சொல்கிறது. பிறகு நாலைந்து பேராகக் கொப்பரையைச் சாய்த்து அகன்ற தொட்டியில் ஊற்றி மரத் துடுப்பால் கிளறுவார்கள். துணியில் பிடித்துத் திருகினால் உருண்டை வெல்லம், அச்சில் அடித்தால் அச்சு வெல்லம், தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை. பத்து கிலோ கரும்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வெல்லம்.

உள்ளே போகும்போது “ஏனுங்க, கொஞ்சம் பாத்துக்கலாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் “வாங்க, அப்படி நில்லுங்க” என்பார்கள். அந்த ‘அப்படி’ எங்கே என்பதைச் சரியாகக் கவனியுங்கள். பாகு தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாகு இறக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், படம் எடுக்கக் குறுக்கே போகாதீர்கள். வேலை ஓய்ந்ததும் வாழையிலைக் கிழிசலில் சூடாகக் கொஞ்சம் வைத்துக் கொடுத்தால் மறுக்க வேண்டாம்.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பளீரென்ற மஞ்சள் வெல்லத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போடுவதும், எடை கூட்டச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சுவதும் இந்தத் தொழிலின் தீராத நோய். உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். கலப்பில்லாத வெல்லம் கரும்பழுப்பாக, சற்றே கசிவோடு இருக்கும். ஆனால் பழி முழுவதையும் காய்ச்சுபவர் தலையில் போடுவது நியாயமில்லை. வெளுத்த வெல்லத்துக்குத்தான் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நாம். பக்கத்திலேயே பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தை இருக்கிறது. வாரம் இரண்டு முறை ஏலம். முப்பது கிலோ சிப்பங்களாகக் கட்டி வரும் வெல்லம் அங்கிருந்து வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் போகிறது. ஏல நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தவணையை அமைத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

எப்போது நடப்பது? மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுவரை. பொங்கலை ஒட்டிக் கொட்டகைகள் மும்முரமாக இருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். பங்குனியில்தான் வருவேன் என்பவர்கள் விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். அந்தப் பருவத்துக்கு வேறு ஆறுதல் பதநீர். அதிலும் அதே சுண்ணாம்புதான் வேலை செய்கிறது. கலயத்தின் உட்புறம் பூசியிருந்தால் பாளைச்சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், பூசாவிட்டால் கள். கள் இறக்க 1987 முதல் தமிழகத்தில் தடை. ஆகவே அந்த வெள்ளைப் பூச்சில்தான் சட்டமே நிற்கிறது.

ஆற்றில் இறங்குவதைத் தவிருங்கள். மேலே கதவணை மதகைத் திறந்தால் கீழே மணல்திட்டில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். தோப்புக் காவல் நாய்களுக்கு ஒரு கம்பு போதும். அடிக்க வேண்டியதில்லை, காட்டினால் சரி.

பரமத்திவேலூரிலிருந்து மோகனூர் கடைசித் தவணை. அங்கே சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமான பிறகும் பேர் மாறவில்லை. கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் பிரிவும் அந்த ஆலைக்கு உண்டு. இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்த மாவட்டத்தின் பேரில், கூட்டுறவு ஆலை ஒன்று சாராயம் வடிக்கிறது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கரும்பு விளைந்தால் கழிவுப்பாகு வந்தே தீரும். அதற்கு ஒரு வழி வேண்டும். எரிசாராயத்துக்கு மருந்து, ரசாயனம், பெட்ரோல் கலப்பு என்று வேறு போக்கிடங்களும் உண்டு. வெளியே சாலையில் நின்று பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள்.

இதே மோகனூரில்தான் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்தார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்கள் வழிநெடுகப் பாடிய பாட்டு இந்தக் கவிஞர் எழுதியது. 240 கிலோமீட்டர் தூரம். 13-ஆம் தேதி கிளம்பி 28-ஆம் தேதி சேர்ந்தார்கள். நாளுக்கு ஒரு தவணை, இரவுக்கு ஓர் ஊர்.

மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்கு நிறையப் பேருந்துகள். பாலத்தைத் தாண்டி வாங்கல் வழியாகக் கரூரும் போகலாம். கால் இன்னும் தாங்கும் என்றால் அடுத்த தவணை காட்டுப்புத்தூர், தொட்டியம். அங்கிருந்து திருச்சி மாவட்டம், வாழை பூமி. உருண்டை வெல்லம் வாங்கியிருந்தால் பாலித்தீன் பையில் கட்டாதீர்கள், வியர்த்துவிடும். ஓலைப்பெட்டியோ துணியோ நல்லது.