மூன்றடி விட்டால் தெரு பிழைக்கும்



உடல்நலம் என்றால் டாக்டர் பார்த்துக் கொள்வார், சுகாதாரம் என்றால் மாநகராட்சி பார்த்துக் கொள்ளும், நமக்கு வியாபாரம்தான் வேலை என்று நம்மில் பலர் இருந்து வருகிறோம். நாங்களும் நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தோம். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரு நமக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும். அது தவறு என்று எங்களுக்குப் புரிய வைத்தது ஒரு மழை. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

கிட்டங்கிக்குள் வந்த சாக்கடை

எங்கள் பருப்பு, வற்றல் கிட்டங்கிக்கு முன்னால் சாக்கடை ஓடுகிறது. லாரி பின்புறமாக வந்து வாசலை ஒட்டி நிற்க வேண்டும், லோடுமேன்களுக்கு நடை குறைய வேண்டும் என்று அந்தச் சாக்கடையின் மேல் முழு நீளத்துக்கும் கான்கிரீட் போட்டு மூடினோம். திறந்து பார்க்க ஒரு மூடிகூட வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களும் எங்களைப் பார்த்து அப்படியே செய்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் வந்து, "உள்ளே மண்வெட்டி போக வழியில்லையே, முதலாளி" என்றார்கள். சிரித்துப் பேசி அனுப்பிவிட்டோம்.

ஓர் ஐப்பசி இரவில் பலத்த மழை. வெளியேற வழியில்லாத சாக்கடைத் தண்ணீர் எங்கள் கிட்டங்கிக்குள் திரும்பியது. அடி வரிசையில் இருந்த மூடைகள் அத்தனையும் போயின. அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக் கொள்ளலாம். எழுத முடியாத இன்னொன்றும் நடந்தது. அந்த மழைக்குப் பிறகு சுகாதாரப் பணியாளர் ஒருவர் எங்கள் மாடிக்கு ஏறிப் பார்த்தார். சுருட்டிப் போட்டிருந்த தார்ப்பாயின் மடிப்பில் தேங்கிய நல்ல தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே மாதத்தில் எங்கள் கணக்குப்பிள்ளை டெங்குக் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்தார். அது எங்கள் தார்ப்பாய்க் கொசுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில் வளர்ந்து, பகலில் கடித்து, சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றி வருவது. சாக்கடையில் வளரும் கொசு வேறு; யானைக்கால் நோயைப் பரப்புவது அது. ஒரே கிட்டங்கியில் இரண்டு கொசுக்களுக்கும் நாங்கள் இடம் கொடுத்திருந்தோம். வாடகை மட்டும் வாங்கவில்லை!

நம் ஊர் கொடுத்த பெரிய விலை

இது ஒரு கடையின் கதை. ஊர் முழுவதும் சேர்ந்து இப்படி ஒரு கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. திண்டுக்கல்லே உதாரணம்.

பூட்டு, புகையிலை, தோல் ஆகிய மூன்றும் நம் ஊருக்குச் சோறு போட்ட தொழில்கள். தோல் பதனிடும் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வாழ வைத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வந்தது. அந்த வணிகர்கள் நமக்கு அண்ணன் தம்பிகள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஆலைகளை எங்கே வைப்பது, கழிவுநீர் எந்தப் பக்கம் போகும், கீழே எந்த ஊர்க் கிணறு இருக்கிறது என்ற கேள்விகளை உரிய காலத்தில் யாரும் கேட்கவில்லை. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. உப்பும் ரசாயனமும் கலந்து வெளிவரும் அந்தத் தண்ணீர் நிலத்துக்குள்தானே போயிற்று?

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் அந்தத் தீர்ப்பில் நம் ஊர் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய ஆய்வின்படி, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்று அதில் பதிவாகியுள்ளது. நான்கில் மூன்று பங்கு கிணறுகள்! மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கைகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனால் உப்பேறிய கிணறு ஒரு நாளில் இனிப்பதில்லை. ஆத்தூர் காமராஜர் அணை, வைகைப் பேரணை, காவிரி என்று வெளியிலிருந்து வரும் தண்ணீரை நம்பித்தான் நம் ஊர் இருக்கிறது. தண்ணீர் ஒரு வாரம் தாமதித்தால் ஓட்டலும் டீக்கடையும் படும் பாடு நமக்குத் தெரியும். தொழிலை வைத்த இடமும் கழிவு போன வழியும் தவறியதற்கு இரண்டு தலைமுறை வட்டி கட்டிக் கொண்டிருக்கிறோம். சாக்கடையை மூடிய எங்கள் கான்கிரீட்டும் அதே தவறுதான். அளவு மட்டும் சிறிது.

நம் முன்னோர் செய்தது

வணிகர் தெருவுக்கு நல்லது செய்வது புது வழக்கம் அல்ல. ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டியது ஆட்சியாளர் செய்த தர்மம். சுமையோடு நடந்து வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டவர்களிலும், சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போட்டவர்களிலும் வணிகர் பலர் உண்டு. அதை அவர்கள் பொதுச் சுகாதாரம் என்று சொல்லவில்லை, தர்மம் என்றார்கள். வேலை ஒன்றுதான். நிழல், தண்ணீர், உட்கார இடம், நடக்க வழி இவை இருந்த சந்தைக்கு ஆள் வந்தது.

சட்டத்திலும் நம் மாகாணம் பின்தங்கி இருக்கவில்லை. 1939-லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டு வந்தது; இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல் சட்டம். வடிகாலும் குடிநீரும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. சட்டத்துக்குக் குறைவில்லை. கடை வாசலில்தான் குறை.

வியாபாரம் குறையுமா?

நடைபாதையை விட்டுக் கொடுத்தால் வியாபாரம் குறையும், வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று நண்பர்கள் சொல்வார்கள். நியாயமான அச்சம்தான். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்த முனைந்தபோது அங்கிருந்த கடைக்காரர்களுக்கும் இந்த அச்சம் இருந்தது. 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. குழந்தையைக் கையில் பிடித்து நடக்கலாம், முதியவர் பெஞ்சில் உட்காரலாம் என்று ஆயிற்று. பாண்டி பஜாரின் அகலம் நம் ஊர்த் தெருக்களுக்கு இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஒன்று யோசியுங்கள். வண்டியில் வேகமாகப் போகிறவர் நம் கடையைப் பார்ப்பதில்லை. நடந்து போகிறவர்தான் நின்று பார்க்கிறார், விலை கேட்கிறார்.

இந்தூரில் 'சப்பன் துக்கான்' என்று 56 தின்பண்டக் கடைகள் கொண்ட ஒரு தெரு. அதற்குச் சுத்தமான தெரு உணவு மையம் என்ற சான்றிதழை 2019-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கியது. பின்னர் வண்டிகள் நுழையாத நடைத் தெருவாகவும் அதை மாற்றினார்கள். ஒரு கடை மட்டும் சுத்தமாக இருந்து அந்தப் பெயர் வந்திருக்காது. 56 கடைகளும் ஒத்துப் போனதால் வந்தது. அங்கே தெருதான் சரக்கு!

மார்க்கெட்டை ஊருக்கு வெளியே கொண்டு போய்விட்டால் எல்லாம் தீரும் என்பாரும் உண்டு. சென்னை கொத்தவால்சாவடியின் நெரிசல் தாங்காமல் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். புது இடம், பெரிய கட்டடம். ஆனாலும் 2020 மே மாதம் கொரோனா அங்கே பரவி, மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்குக் கொண்டு போக நேர்ந்தது. கட்டடம் பெரிதானால் போதாது. ஒரே நேரத்தில் எத்தனை வண்டி, எத்தனை ஆள், எந்த வழியாக வருவது, எந்த வழியாகப் போவது என்ற ஒழுங்கும் வேண்டும். அந்த ஒழுங்கை நம் பழைய தெருவிலேயே கொண்டு வரலாம்.

நம்மால் முடிந்தவை

2011 கணக்கெடுப்பில் நம் ஊர் மக்கள் தொகை 2 லட்சத்து 7 ஆயிரம். பரப்பு 14 சதுர கிலோமீட்டர். 1866-ல் நகராட்சியாகி, 2014-ல் மாநகராட்சியான பழைய ஊர். புதிதாகத் தெரு வெட்ட இடமில்லை. இருக்கிற தெருவைத்தான் திருத்திக் கொள்ள வேண்டும். அதற்கு எங்கள் யோசனைகள் இவை:

1. சாக்கடை மேல் நிரந்தரக் கான்கிரீட் வேண்டாம். தூக்கி எடுக்கக் கூடிய சிலாப்பு போடுவோம். 1-1-2019 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகள் இன்னும் சாக்கடையில் வருகின்றன என்றால் அவை நம் கடைகளில் இருந்துதான் வருகின்றன.

2. கடை வாசலில் மூன்றடியை நடப்பவருக்கு விட்டுவிடுவோம். சரக்கு, போர்டு, ஸ்டூல் எதுவும் அங்கே வேண்டாம். ஒருவர் மட்டும் உள்ளே இழுத்தால் அவருக்குத்தான் நஷ்டம்; தெருவே சேர்ந்து ஒரே நாளில் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

3. லாரி ஏற்றி இறக்குவதைக் கடை திறக்கும் முன்பும் இரவிலும் வைத்துக் கொள்வோம். லோடுமேன்களுக்கு இதனால் கூலி குறையக் கூடாது. அவர்களையும் உட்கார வைத்துப் பேசித்தான் நேரம் முடிவு செய்ய வேண்டும்.

4. பத்துக் கடைக்கு ஒன்றாவது பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். நம் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், போக இடமில்லாத காரணத்தால் காலை முதல் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் தொற்றும் அதனால் வருகின்றன. வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படுவார்கள். நாமாகத்தான் கேட்டுச் செய்ய வேண்டும்.

5. ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு ஸ்டூலுக்காக இன்ஸ்பெக்டர் வந்து சொல்லும்வரை காத்திருப்பது நமக்கு அழகல்ல.

6. இடமுள்ள வாசலில் ஒரு வேம்போ புங்கனோ வைப்போம். தார்ப்பாய், டிரம், பழைய டயர், மாடித் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்போம். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

தெருவோர வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடைபாதையை அவர்கள்தான் அடைத்துவிட்டார்கள் என்று நாம் புகார் சொல்கிறோம். அவர்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நம் மூடை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அங்கே போய் உட்கார்ந்து, அவர்களுக்கும் இடம், நடப்பவருக்கும் வழி என்று பேசி முடிப்பதே நல்லது.

முடிவாக

எங்கள் கிட்டங்கி முன்னிருந்த கான்கிரீட்டை நாங்களே கூலி கொடுத்து உடைத்தோம். உள்ளே இருந்து வந்த மண்ணும் பாலித்தீனும் ஒரு டிராக்டர் நிறைய இருந்தது. தூக்கும் சிலாப்பு போட்டோம். அடுத்த மழையில் தண்ணீர் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. ஆனால் நான்கு கடை தள்ளி இன்னும் மூடிக் கிடந்த இடத்தில் போய்த் தேங்கியது. அந்தக் கடைக்காரர் எங்களிடம் சண்டைக்கு வந்தார். அவர் மேல் தப்பில்லை. ஒரு கடை மட்டும் திருந்தினால் கேடு பக்கத்துக் கடைக்கு இடம் மாறுகிறது. தெரு முழுவதும் திருந்தினால்தான் அது ஊரை விட்டுப் போகும். அதனால்தான் இதைத் தனி ஆளாகச் செய்யாமல் சங்கத்தின் மூலமாகக் கேட்கிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் மேற்சொன்ன ஆறில் முதல் இரண்டையாவது ஒரு தெருவுக்குத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். எங்கள் தெருவை முதல் தெருவாக எடுத்துக் கொள்ளச் சம்மதம். மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, கேட்போம். நம் மூன்றடியை விட்டுக் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டால் நம் குரலுக்கு எடை கூடும். வியாபாரிக்கு எடையைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டுமா?