டீச்சருக்கு ஒரு டீச்சர்!

நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேருக்கு, படித்ததைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. தாங்கள் பள்ளியில் படிக்கும் மொழியிலேயே கேட்டும் இதுதான் நிலைமை. 2016-ல் 'பிர்ல்ஸ்' என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்கா வாங்கிய மார்க் இது. 2021-ல் அந்த 78, 81 ஆகிவிட்டது.

அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லையா என்றால், இருந்தது. ஒரு ஹாலில் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்புகிற பயிற்சி. எந்த ஊர் ஆசிரியருக்கும் இது புதிதில்லை!

இதனால் பலன் உண்டா என்று அந்நாட்டுக் கல்வித் துறையே 2015-ல் சோதித்துப் பார்த்தது. வடமேற்கு மாகாணத்தில், செட்ஸ்வானா மொழியில் பாடம் நடக்கும் ஏழைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நாள் பயிற்சி. இன்னொரு 50 பள்ளிகளுக்கு அதே பாடக்குறிப்பு, அதே புத்தகங்கள். ஆனால், அனுபவமுள்ள ஒரு பயிற்றுநர் மாதாமாதம் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் கழித்து வாசிப்பைச் சோதித்தார்கள். எந்த உதவியும் பெறாத பள்ளிகளைவிட, ஹால் பயிற்சி பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வருடப் படிப்பு முன்னே இருந்தார்கள். பயிற்றுநர் வந்த பள்ளிகளில் அது ஐந்தில் இரண்டு பங்கு. இரண்டு மடங்கு!

ஏன் இந்த வித்தியாசம்? ஆசிரியர் ஒரு வரி சொல்ல, மொத்த வகுப்பும் கோரஸாகத் திருப்பிச் சொல்வது சுலபம். யாருக்கு வாசிக்கத் தெரியும், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கவைத்தால்தான் தெரியும். அப்படிச் செய்யும்போது மீதிப் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே! அந்த வித்தையை நாலு நாள் ஹாலில் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருந்து ஒருவர் செய்துகாட்ட வேண்டும். பயிற்றுநர் போன வகுப்புகளில்தான் இந்தக் குழு வாசிப்பு அதிகம் நடந்தது.

பயிற்றுநரை ஊர் ஊராக அனுப்பச் செலவாகுமே... போனிலேயே சொல்லிக்கொடுத்தால்? அதையும் பார்த்தார்கள். முமலங்கா மாகாணத்தில், ஆங்கிலப் பாடத்துக்கு. சில பள்ளிகளுக்கு நேரில் ஆள், சில பள்ளிகளுக்கு டேப்லெட், போன், வாட்ஸ்அப். முதல் வருடம் இரண்டுமே ஏறக்குறைய சமம். மூன்று வருடம் முடிந்தபோது, நேரில் ஆள் போன பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதிலும் வாசிப்பதிலும் முன்னேறியிருந்தார்கள். வாட்ஸ்அப் பள்ளிகளில் பேச்சு மட்டும் கொஞ்சம் தேறியது. வாசிப்பு நகரவே இல்லை. போதாக்குறைக்கு, தாய்மொழி வாசிப்பும் சறுக்கியது.

ஆளுக்கும் பயணப்படிக்கும் பணம் எங்கே என்பது நிஜமான கேள்விதான். இதற்கு கென்யா ஒரு வழி கண்டுபிடித்தது. 2015-ல் அங்கே தொடங்கிய 'டுசோமே' வாசிப்புத் திட்டத்தில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஏற்கெனவே அரசுச் சம்பளத்தில் இருந்த வட்டாரக் கல்வி அலுவலர்களிடமே டேப்லெட் கொடுத்து, வகுப்புக்குள் அனுப்பினார்கள். பள்ளிக்குப் போனதை டேப்லெட் பதிவு காட்டினால்தான் பயணப்படி!