கூரையும் கூலியும் உடல்நலமும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நாம் பள்ளிப் பருவத்திலேயே பாடம் செய்த முதுமொழி. அதனைத் திருப்பிப் போட்டு ஒரு வினா எழுப்பலாம். செல்வம் குறைந்தவனுக்கு நோயற்ற வாழ்வு வாய்க்குமா? அரசு மருத்துவமனையில் யாவருக்கும் ஒரே சீட்டு, ஒரே மருந்து என்று ஆகிவிட்டால் நலமும் சமமாகிவிடுமா? பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், கருக்களாச்சேரி மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையிலும் இவ்வினாவை இங்கு ஆராய விழைகிறேன்.

வினா பழையதுதான். 1848ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் மேல் சைலீசியாப் பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியது. அதனை ஆராயச் சென்ற இளம் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, அம்மக்களுக்குக் கல்வியும் மக்களாட்சியும் வளமுமே மருந்து என்று அறிக்கை எழுதினார். 2008ஆம் ஆண்டு மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையமும், மனிதன் பிறந்து வளர்ந்து உழைத்து முதுமை எய்தும் சூழலே நலத்தின் ஏற்றத்தாழ்வுக்கு வேர் என்று எடுத்துரைத்தது.

வீடு

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கியது யாவரும் அறிந்ததே. அதன் பின்னர் கடலோர ஊர்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் கான்கிரீட் வீடுகள் கட்டித் தந்தன. கீற்றுக் கொட்டகையில் மழைக்கு ஒழுகும். தரை ஓதம் காக்கும். ஒரு தீப்பொறி பட்டால் தெருவே சாம்பலாகும். கான்கிரீட் வீடு இவ்வச்சங்களைப் போக்கியது. மூத்தோர் அதை நன்றியுடன் நினைவுகூர்வதை நான் கேட்டிருக்கிறேன்.

ஆயினும் சுவர் வளர்வதில்லை, குடும்பம் வளர்கிறது. மகனுக்குத் திருமணமாகிப் பேரன் பிறந்தபின், ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் இரண்டு குடும்பங்கள் உறங்குகின்றன. காற்றோட்டமில்லாத அறையில் ஒருவர் இருமினால் மற்றவர் அக்காற்றையே சுவாசிக்க வேண்டும். காசநோய் பரவும் வழி அதுதான். குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைந்தால் குடத்திலும் தொட்டியிலும் சேமிக்கிறோம். மூடாத தொட்டியில் டெங்குக் கொசு பெருகுகிறது. ஆகவே வீடு என்பது கூரை மட்டுமன்று. இடம், காற்று, நீர், கழிப்பறை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே வீடு.

வருமானம்

எங்கள் தொழிலில் மாதச் சம்பளம் இல்லை. டீசல், ஐஸ் முதலிய செலவு போக எஞ்சியதே பங்காகப் பிரியும். மீன் படாத நாளில் பங்கும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்வளம் காக்க அது தேவையே. அரசு நிவாரணமும் தருகிறது. எனினும் அந்நாட்களில் முதலில் குறைவது வட்டிக் கடன் அன்று, சாப்பாட்டுத் தட்டில் உள்ள பருப்பும் முட்டையும்தான்.

தட்டு குறைவதால் நோய் வருமா? இதற்குத் தமிழகத்தோடு தொடர்புடைய இரண்டு ஆய்வுகள் விடை தருகின்றன. சென்னைச் சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்துண்ட நோயாளிகள், சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ ஒப்பாகக் குணமடைந்தனர் என்று அது 1959இல் காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையே இதனால் மாறிற்று.

அப்படியானால் உணவும் வீடும் பொருட்டல்ல என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. அந்த ஆய்வு நோயுற்றவர் எவ்வாறு குணமாவார் என்று கேட்டது; யார் நோயுறுவார் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை 2023இல் வந்தது. அதே மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அதுவும் பங்கேற்ற ஆய்வொன்று ஜார்க்கண்டில் நடைபெற்றது. நோயாளிகளின் வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கினர். வழங்காத பிரிவினரை விட இவர்களிடையே புதிதாகக் காசநோய் கண்டது 39 சதவீதம் குறைந்தது. மருந்து வீழ்ந்தவனை எழுப்புகிறது. சோறு வீழாமல் காக்கிறது.

அரசின் கொள்கை

இங்கேதான் நம் பகுதியின் தனித்தன்மை வருகிறது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. நிலவழியில் சுற்றிலும் தமிழ்நாடு. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். கடல் ஒன்று, தொழில் ஒன்று, உறவும் ஒன்று. ஆனால் எல்லையைத் தாண்டினால் குடும்ப அட்டை வேறு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. புதுச்சேரியிலோ 2015 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தன.

பணம் நல்லதா, அரிசி நல்லதா? இரு பக்கமும் நியாயம் உண்டு. பணமிருந்தால் விரும்பியதை வாங்கலாம். ஆனால் விலை ஏறும்போது அப்பணம் தானே ஏறுவதில்லை; தடைக்காலத்தில் அது கடனுக்கும் போய்விடும். அரிசி உலைக்குத்தான் போகும். காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயானது வரவேற்கத்தக்கதே. எனினும் அது நோய் வந்த பின் கிடைக்கும் உதவி.

காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் கிளை இயங்குகிறது. நல்ல மருத்துவர்கள் நம் ஊரிலேயே உருவாகிறார்கள். அவர்கள் எழுதும் சீட்டுக்கு அப்பாற்பட்டவை வீடும் கூலியும் உணவும். அவற்றை எழுத வேண்டியது அரசின் கோப்பு.

நண்பர்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் ஊர்தோறும் செல்கிறோம். அங்கு யாருக்கு என்ன நோய் என்று கேட்பதோடு நில்லாமல், ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், தடைக்காலத்தில் என்ன உண்கிறார்கள், தண்ணீர் எத்தனை மணிநேரம் வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக் குறித்து வருவோம். பேராசிரியப் பெருமக்கள் அதனைத் தொகுக்க வழிகாட்டுவார்களாயின், அதிகாரிகள் முன் வைக்க நம் கையில் கணக்கு இருக்கும். கணக்கில்லாத குறை காதில் ஏறாது அல்லவா?