பிள்ளையின் மௌனமும் பெற்றோரின் அச்சமும்

சென்ற வாரம் கிழக்கு இலண்டனில் வசிக்கும் தாயொருவர் ஒரு கடிதத்துடன் எம்மிடம் வந்திருந்தார். "சேர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு மூளை சரியில்லை எண்டு எழுதியிருக்கினமாம்" என்றார். வாசித்தோம். அவ்வாறு ஒரு சொல்லும் அதில் இல்லை. மூன்றரை வயது மகன் பாலர் பாடசாலையில் வாய் திறப்பதில்லை. மேலதிக உதவி வழங்குவது குறித்துப் பெற்றோருடன் பேச விரும்புகிறோம் என்பதே அதன் சாரம். தகப்பனாரோ, போனால் பிள்ளையின் பெயர் பதிவாகிவிடும், தஞ்சக் கோரிக்கைக்கும் அது பாதகமாகும் எனத் தடுத்துவிட்டாராம்.

இந்த அச்சம் எமக்குப் புதிதல்ல. 'குறைபாடு' என்றாலே ஒதுக்கி வைப்பது என்றுதான் எம்மவர் விளங்கிக்கொள்கின்றனர். இங்கிலாந்தின் முறை அதுவன்று. 1978இல் மெய்யியலாளர் மேரி வார்னொக் தலைமையிலான குழு, ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பள்ளிக்காலத்தில் எப்போதாவது சிறப்பு உதவி தேவைப்படலாம் எனக் கணித்தது. 1994ஆம் ஆண்டின் நடைமுறைக் கோவை அவ்வுதவியை ஐந்து படிகளாக வகுத்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே அவை சுருங்கிவிட்டன.

வகுப்பில் எல்லோருக்கும் கிடைக்கும் நல்ல கற்பித்தலே அடிப்படை. அது போதாதவிடத்து மேலதிக உதவி: பிள்ளையின் நிலையை அறிந்து, திட்டமிட்டு, செய்து பார்த்து, பின்னர் பெற்றோருடன் மீளாய்வு செய்வது. பயன் கிடைத்தால் உதவி குறைக்கப்படும். பிள்ளை இறங்கி வரக்கூடிய படி இது. அதுவும் போதாதபோதே உள்ளூராட்சி சபையின் சட்டபூர்வ மதிப்பீடு. அதைப் பெற்றோரே நேரடியாகக் கோரலாம். சபை 6 வாரங்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். திட்டம் வழங்குவதாயின் 20 வாரங்களுக்குள் வழங்கவேண்டும். (இக்காலக்கெடு அடிக்கடி மீறப்படுகிறது என்பதையும் வாசகர் அறிந்திருத்தல் நன்று.)

எம்மவர் குறிப்பாக அறியவேண்டிய பிரிவொன்று இச்சட்டத்தில் உண்டு. வீட்டு மொழி வேறு, கற்பிக்கும் மொழி வேறு என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டெனக் கொள்ளலாகாது. புதிய மொழிச் சூழலில் புகும் பிள்ளை சில காலம் பேசாதிருப்பதும் வழமையே. ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். "இங்கிலீஷ் வந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து, உண்மையான இடர்ப்பாட்டை இரண்டு மூன்று ஆண்டுகள் கவனியாது விட்ட குடும்பங்களை நாம் அறிவோம். ஆங்கிலம் போதாத பிள்ளையின் வீட்டுமொழித் திறனைப் பெற்றோருடன் சேர்ந்து ஆராயவேண்டும் என்று பாலர் கல்விக்கான அரச விதிகள் கூறுகின்றன. பெற்றோர் போகாவிடின் ஆசிரியை எதைக்கொண்டு ஆராய்வார்?

தகப்பனாரின் அச்சத்துக்கும் பதில் உண்டு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான வாரம் 15 மணிநேர இலவசப் பாலர் கல்வி, பெற்றோரின் குடிவரவு நிலையைப் பாராது வழங்கப்படுகிறது. குடிவரவு விதிகள் 'பொது நிதி' எனப் பட்டியலிடுபவற்றில் பாடசாலைக் கல்வி அடங்காது. பிள்ளை கற்றல் உதவி பெற்றது தஞ்சத்தை மறுப்பதற்கான காரணமும் அன்று.

தாயை இருத்தி, மகன் பேசும் தமிழ்ச் சொற்களைச் சொல்லச் சொல்லி எழுதினோம். அம்மா, அப்பா, சோறு, வா, தா... பதினெட்டுடன் நின்றுவிட்டார். மூன்றரை வயதுக்கு இது மிகக் குறைவு. பின்னர் தயங்கி, "பின்னுக்கு நிண்டு கூப்பிட்டால் திரும்பமாட்டான், ரீவிக்கு முன்னால போய் ஒட்டிக்கொண்டு நிப்பான்" என்றார். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை, எவரும் கேட்டதுமில்லை. சிறு பிள்ளைகளின் நடுக்காதில் பசைபோன்ற நீர் தேங்கிக் கேள்வி மந்தமாவது சாதாரணம். பெரும்பாலும் அது தானாகவே நீங்கும். நீங்காவிடின் சிகிச்சை உண்டு. அதுதானா என்பதைப் பரிசோதனையே சொல்லவேண்டும்.

ஆகவே பதிற்கடிதத்தில் மூன்று விடயங்களை எழுதினோம்: சந்திப்புக்கு வருகிறோம்; தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும்; செவிப்புலன் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யுங்கள். சொற்பட்டியலையும் இணைத்தோம். வரும் செவ்வாய்க்கிழமை சந்திப்பு. தகப்பனாரும் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறார்.