பறவைகளுக்கும் உண்டு ஸ்டாக் டேக்கிங்!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். எனக்கே சவால் விடுகிற ஒரு கணக்கு, ஜனவரி தோறும் காவிரி டெல்டாவில் நடக்கிறது. சரக்கு... பறவைகள்!

இந்தியாவில் 1987-ல் ஆரம்பித்த ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இது. பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எண்ணுகிறார்கள். இல்லாவிட்டால், இன்றைக்கு இங்கே எண்ணிய வாத்து நாளைக்குப் பக்கத்து ஏரியில் இன்னொரு ஓட்டுப் போட்டுவிடுமே!

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது வடுவூர். ராமர் கோயிலும் கபடியும் பிரசித்தம். அங்கே ஏரிக்கரையில் நின்று ஒரு தன்னார்வலரிடம் கேட்டேன்.

"ஆயிரக்கணக்குல பறக்குதே... எப்படி சார் எண்றது?"

"முதல்ல பத்தை எண்ணுங்க. அது எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு மனசுல வாங்கிக்குங்க. அப்புறம் கூட்டத்துல அந்த மாதிரி எத்தனை துண்டுன்னு பாருங்க. அவ்வளவுதான்" என்றார், பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

விருந்தாளிகள் லேசுப்பட்டவர்கள் அல்ல. கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்து, பாஸ்போர்ட் இல்லாமல் இமயமலையையே தாண்டி வருகிறது. கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளான், சிட்டுக்குருவி சைஸ். பிறந்த ஊரோ ஆர்க்டிக் பிரதேசம்!

சரி, எண்ணி என்ன லாபம்? இருக்கிறது. ஒரு நீர்நிலைக்கு வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் வந்தால், அது ராம்சார் பட்டியலில் இடம் கேட்கலாம். அந்த உலக அந்தஸ்துக்கு உள்ள தகுதிகளில் அதுவும் ஒன்று. கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும், கரைவெட்டி 2024-லும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன.

ஆனால், எண்ணிக்கை குறைந்தவுடன் 'நஷ்டம்' என்று எழுதிவிடக் கூடாது. மழை கொட்டித் தீர்த்து எல்லாக் குளமும் நிரம்பினால், பறவைகள் நாலா பக்கமும் சிதறிவிடும். மேட்டூரும் மழையும் கைவிட்டால், வறண்ட ஏரியில் அவற்றுக்கு என்ன வேலை? பத்து, இருபது வருஷக் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அந்த உண்மை கொஞ்சம் கசக்கிறது. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசி, 178 இனங்களை உடனே கவனிக்கச் சொன்னது. இங்கேயோ, கொக்கும் மடையானும் வலையில் சிக்கிச் சட்டிக்குப் போகிற வழக்கம் முழுசாக ஒழியவில்லை. வயலில் சம்பளம் வாங்காமல் பூச்சி பொறுக்குகிற வேலையாளை வறுத்துத் தின்பது எந்த ஊர் நியாயம்?

1900-ம் வருஷக் கிறிஸ்துமஸ் அன்று வட அமெரிக்காவில் 27 பேர், 'சுடுவதற்குப் பதில் எண்ணுவோம்' என்று கிளம்பினார்கள். அந்தக் கணக்கு இன்றும் வருஷா வருஷம் தொடர்கிறது.

அடுத்த ஜனவரியில், பொங்கலை ஒட்டி ஒரு காலைப்பொழுது உங்களுக்கு ஒழியுமா? நேராக ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். சம்பளம் கிடையாது. ஆனால், மேனேஜரும் கிடையாது!